ஆய்வு மையம் பல்கலைக்கழகமான பாதை: தி.நகர் முதல் ஸ்ரீசிட்டி வரை

முதல் நாள்: தி.நகர், ஜி.என். செட்டி சாலை

பனகல் பார்க்கிலிருந்து வாணி மகால் பக்கம் நடந்தால் கடைகளும் அலுவலகக் கட்டடங்களும்தான் கண்ணில் படும். பல்கலைக்கழகம் ஒன்று பிறந்து வளர்ந்த தெரு இது என்று யாருக்கும் தோன்றாது. இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம், எல்லோரும் சொல்கிற சிஎம்ஐ, தன் முதல் பதினைந்து, பதினாறு வருடங்களை இந்தத் தெருவின் அலுவலகக் கட்டடம் ஒன்றில்தான் கழித்தது.

உர நிறுவனமான ஸ்பிக் 1986ல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையைத் தொடங்கியது. அதன் கீழ் 1989ல் கணிதப் பள்ளி வந்தது. அதை எழுப்பியவர் சி.எஸ். சேஷாத்ரி. காஞ்சிபுரத்தில் 1932ல் பிறந்து, லயோலாவில் படித்து, 1953ல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனவர். எம்.எஸ். நரசிம்மனோடு சேர்ந்து இவர் நிறுவிய நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம் 1965ல் வந்தது. இயற்கணித வடிவியல் படிப்பவர்கள் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது. 1984ல் சென்னை திரும்பினார். ஐந்து வருடம் கழித்து, ஐம்பத்தேழு வயதில், புதிதாக ஒன்றைத் தொடங்கினார்.

அலுவலக மாடியில் கணிதம் தொடங்க முடிந்ததற்கு எளிய காரணம் உண்டு. சோதனைக்கூடம் வேண்டாம். கரும்பலகை உள்ள அறைகள், உட்கார்ந்து யோசிக்க இடம், நூலகம், சம்பளம்: இவ்வளவுதான் செலவு. இதில் ஏமாற்றுவது நூலகம். புத்தகம் ஒரு தடவை வாங்கினால் முடிந்தது. ஆய்விதழ் அப்படி இல்லை, வருடா வருடம் சந்தா கட்ட வேண்டும், விலையும் ஏறிக்கொண்டே போகும். நிதி இறுகிய வருடம் முதலில் கை வைப்பது அதில்தான். ஒரு வருடம் விட்டுப்போன இதழ் வரிசையைப் பிறகு நிரப்புவது பெரும்பாடு. புதிய ஆய்வு மையத்துக்கு நன்கொடை தர நினைப்பவர்கள் கட்டடத்துக்குத் தருவதைவிட இதழ்ச் சந்தாவுக்கென்று ஒரு வைப்புநிதி போட்டுத் தருவது பல மடங்கு உபயோகம்.

தொடக்கத்திலிருந்தே முனைவர் பட்ட ஆய்வு இருந்தது. ஆனால் பட்டம் தரும் அதிகாரம் இல்லை. அதனால் பிலானியின் பிட்ஸ் நிறுவனத்தின் பேரிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரிலும் மாணவர்கள் பதிவு செய்தார்கள். இந்த ஏற்பாடு எங்கு நடந்தாலும் அதன் நடைமுறை கிட்டத்தட்ட ஒன்றுதான். வழிகாட்டியை அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்க வேண்டும். பதிவுக் கட்டணம் அங்கே போகும். ஆய்வேட்டின் சுருக்கத்தை அங்கேதான் கொடுக்க வேண்டும். ஆய்வேட்டைத் திருத்துகிறவர்களை அங்கேதான் நியமிப்பார்கள். ஆய்வு ஓரிடத்தில், கோப்பு வேறிடத்தில். சிக்கல் வருவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்: ஏட்டைக் கொடுத்தபின் வெளித் தேர்வாளர் அறிக்கை வரத் தாமதமாகும், நினைவூட்டும் உரிமைகூட மையத்துக்கு இருக்காது, மாணவர் கையில் வந்த வெளிநாட்டு வேலை தள்ளிப்போகும்.

1996ல் கணிதப் பள்ளி தனி அமைப்பானது. பெயர் ஸ்பிக் கணிதக் கழகம். 1998ல் சென்னைக் கணிதவியல் கழகம் என்று பெயர் மாறியது. வெறும் பலகை மாற்றமாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கம்பெனியின் பெயரைச் சுமக்கும் நிறுவனத்துக்கு இன்னொரு கம்பெனி பணம் தரத் தயங்கும், அரசுத் துறையும் யோசிக்கும். தொடங்கிவைத்தவரின் பெயரை உரிய நேரத்தில் இறக்கி வைத்ததால்தான் அணுசக்தித் துறையின் மானியமும் வேறு தனியார் நன்கொடைகளும் ஒரே கூரைக்குக் கீழ் வர முடிந்தது. இதற்கு ஒப்புக்கொண்ட புரவலர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

இரண்டாம் நாள்: தரமணி

பறக்கும் ரயிலில் திருவான்மியூர் இறங்கி, டைடல் பார்க்கைத் தாண்டி சிஐடி வளாகத்துக்குள் போனால் கணித அறிவியல் நிறுவனம். பழைய ஆட்களுக்கு மேட்சயன்ஸ். இது தனியார் அல்ல. ஆனாலும் இந்தப் பயணத்தில் இதைத் தவிர்க்க முடியாது. மும்பையிலிருந்து திரும்பிய சேஷாத்ரி முதலில் சேர்ந்தது இங்கேதான்.

மேட்சயன்ஸின் பிறப்பும் வீட்டிலிருந்துதான். அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் குடும்ப வீட்டில் நடத்திய கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்குதான் விதை. டென்மார்க்கின் புகழ்பெற்ற இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1960ல் சென்னை வந்தபோது அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். 1962 ஜனவரியில் நிறுவனம் தொடங்கியது.

பட்ட விஷயத்தில் இது போன வழி வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரில் முனைவர் பட்டம் தந்துகொண்டிருந்த நிறுவனம், 2005ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து, அதாவது தானே பட்டம் தரும் உரிமை, பெற்ற ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் உறுப்பானது. அணுசக்தித் துறையின் பல ஆய்வகங்களுக்குப் பொதுவான குடை அது. பாபா அணு ஆராய்ச்சி மையமும் கல்பாக்கமும் அதன் கீழேதான். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமோ 2002லேயே தனியாக நிகர்நிலை ஆகிவிட்டது. ஆக, ஆய்வு மையம் பட்டம் தருவதற்கு இரவல் பெயர், பொதுக் குடை, சொந்த அந்தஸ்து என்று மூன்று ஏற்பாடுகள் உண்டு. இந்தப் பயணத்தில் வரும் ஒவ்வொரு இடமும் இவற்றில் ஒன்றில் இருந்தது, அல்லது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தது.

தரமணியை இங்கே சொல்ல இன்னொரு காரணம்: 1998ல் சிஎம்ஐ இளநிலைப் படிப்பு தொடங்கியபோது மேட்சயன்ஸ் ஆசிரியர்களும் வந்து வகுப்பெடுத்தார்கள். இது இல்லாமல் கணக்கு கட்டியிருக்காது. உத்தேசமாகப் போட்டுப் பாருங்கள். மூன்று வருட இளநிலை, பருவத்துக்கு 5 பாடம் என்றால் எப்போதும் 15 பாடங்கள் ஓடும். இரண்டு முதுநிலைப் படிப்புகள், தலா இரண்டு வருடம், பருவத்துக்கு 4 பாடம்: இன்னும் 16. ஆகமொத்தம் 31. ஆய்வு கெடாமல் இருக்க ஓர் ஆசிரியர் பருவத்துக்கு ஒரு பாடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வைத்தால் 31 பேர் வேண்டும். விடுப்பில் போனவர்கள் இதில் சேர்த்தி இல்லை. சிறிய ஆய்வு மையத்தில் அத்தனை பேர் எங்கே இருப்பார்கள்? இந்த இடத்தில்தான் பல மையங்கள் வழுக்கும். பாடம் எடுக்க மட்டும் தனியாக ஆள் சேர்ப்பார்கள். நாளடைவில் ஆய்வாளர், ஆசிரியர் என்று இரண்டு சாதி உண்டாகும். முதல் வருட மாணவருக்கு ஆய்வாளரின் முகமே தெரியாமல் போகும். அப்புறம் ஆய்வு மையத்தில் படித்து என்ன பயன்? அடுத்த வளாகத்திலிருந்து ஆசிரியரை வரவழைத்தது இந்தப் பிளவைத் தள்ளிவைத்தது. சென்னையில் இரண்டு நிறுவனங்களும் ஒரே ஊரில் இருந்தது அதிர்ஷ்டம் என்றாலும், அந்த அதிர்ஷ்டத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஈகோ இல்லாத மனிதர்கள் இருந்தார்கள்.

மூன்றாம் நாள்: சிறுசேரி

மத்திய கைலாஷிலிருந்து ஓஎம்ஆரில் தெற்கே, சோழிங்கநல்லூர், நாவலூர் தாண்டினால் சிறுசேரி. இருபது கிலோமீட்டருக்கு மேல். காலை எட்டரைக்கும் பத்துக்கும் நடுவில் கிளம்பினால் ஐடி கம்பெனி பஸ்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஏழு மணிக்கே கிளம்புவது உத்தமம். கேளம்பாக்கம் பஸ் எதில் ஏறினாலும் சிறுசேரி கூட்ரோட்டில் இறங்கலாம். அங்கிருந்து சிப்காட் உள்ளே நடப்பது வெயிலில் தண்டனை. ஷேர் ஆட்டோ கிடைக்கும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து வரும் தடம் இந்த சிப்காட்டில்தான் முடிகிறது. அது முழுதாக ஓடத் தொடங்கினால் இந்தக் கஷ்டம் தீரும். வளாகம் சுற்றுலா இடம் அல்ல. பொதுக் கருத்தரங்கு உள்ள நாளாகப் பார்த்து, முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அடையாள அட்டையோடு போக வேண்டும்.

சிஎம்ஐ இங்கே வந்தது 2005 அக்டோபரில். மொத்தம் 5 ஏக்கர். சுற்றியிருக்கும் மென்பொருள் வளாகங்களோடு ஒப்பிட்டால் மூலையில் ஒரு துண்டு. நூலகக் கட்டடமும் விடுதியும் 2006 கடைசியில் முடிந்து 2007 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தன. அடுத்த பெரிய கட்டடம் 2010ல் தொடங்கி 2011 மார்ச்சில் முடிந்தது. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று துலங்கும்: ஆய்வு 1989, இளநிலை மாணவர்கள் 1998, நிலமும் கட்டடமும் 2005. மாணவர் வந்து ஏழு வருடம் கழித்துத்தான் வளாகம். இப்போதெல்லாம் முதலில் வளைவு வைத்த நுழைவாயில், பிறகு விளம்பரம், கடைசியில் ஆசிரியரைத் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டதுதான் சிஎம்ஐ காட்டிய வழி என்பது எங்கள் உறுதியான கருத்து.

அந்த ஏழெட்டு வருடம் இளநிலைப் பட்டம் யார் தந்தது? போபாலில் உள்ள மத்தியப் பிரதேச போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். சென்னையில் இருந்துகொண்டு போபால் பட்டமா? ஆனால் இணைப்புக் கல்லூரியாகப் போயிருந்தால் பாடத்திட்டமும் வினாத்தாளும் பல்கலைக்கழகத்தினுடையதாக இருக்கும். முதல் வருடத்திலேயே நிரூபணம் எழுதச் சொல்லும் பாடத்திட்டத்தை அங்கே நுழைக்க முடியாது. பாடத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு பட்டச் சான்றிதழை மட்டும் வெளியே வாங்குவது, இரவல் நகை போட்டுக் கல்யாணத்துக்குப் போவது போலத்தான். ஆனால் கல்யாணம் நடந்தது. அந்த மாணவர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சான்றிதழைப் பார்த்து எடுக்கவில்லை. பரிந்துரைக் கடிதம் எழுதியவர்களின் கையெழுத்தைப் பார்த்து எடுத்தன.

2006 டிசம்பரில் அந்தத் தேவை முடிந்தது. பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டம், 1956ன் 3ம் பிரிவின் கீழ் சிஎம்ஐ நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. சட்டத்தை ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். பட்டம் தரும் உரிமை யாருக்கு என்று சொல்வது 22ம் பிரிவு: நாடாளுமன்ற அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், 3ம் பிரிவில் அறிவிக்கப்பட்ட நிகர்நிலை நிறுவனம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் தந்த நிறுவனம். வேறு யார் தந்தாலும் அது பட்டம் ஆகாது. 3ம் பிரிவுக்கு விண்ணப்பித்தால் மானியக்குழு நிபுணர் குழுவை அனுப்பும்; அவர்கள் வந்து பார்த்து அறிக்கை தருவார்கள்; மானியக்குழுவின் ஆலோசனைப்படி மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும். அறிவிக்கை தேதிக்கு முன்னால் சேர்ந்த மாணவர்களின் நிலை என்ன என்பதை எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளாத நிறுவனங்களில் பிறகு வழக்கு வரும்.

23ம் பிரிவு பெயரைப் பற்றியது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து நிகர்நிலை நிறுவனங்கள் பெயரில் ‘யுனிவர்சிட்டி’ என்று போடக் கூடாது என்று மானியக்குழு உத்தரவிட்டது. பல இடங்களில் வளைவு, பஸ், லெட்டர்பேட் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவந்தது. பெயரில் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளாத நிறுவனங்கள் நிம்மதியாக இருந்தன.

நான்காம் நாள்: மறுபடி சிறுசேரி, சமையற்கட்டும் தேர்வுத்தாளும்

ஆய்வு மையம் பல்கலைக்கழகமாகும்போது பெரிய மாற்றம் ஆய்வறையில் நடக்காது; மெஸ்ஸில் நடக்கும். முனைவர் மாணவர் வெளியே அறை எடுத்துத் தங்குவார், எங்கேயாவது சாப்பிடுவார். பள்ளி முடித்து வரும் பதினேழு வயதுப் பிள்ளையை அப்படி விட முடியாது. விடுதி, பெண்களுக்குத் தனி ஏற்பாடு, இரவில் காய்ச்சல் வந்தால் வண்டி, மூன்று வேளை சோறு. எல்லாவற்றுக்கும் தண்ணீர்.

லாரித் தண்ணீரை நம்பி ஐடி வளாகங்கள் எழுந்த பகுதி இது. சிஎம்ஐ 2006ல் குளியல், துவைப்பு, சமையற்கட்டுக் கழிவுநீரை இயற்கை முறையில் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் அமைப்பை வைத்தது. வடிவமைத்தவர் மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில். இப்படியான அமைப்பு வைக்க நினைக்கும் எந்த விடுதிக்கும் முதல் விதி: கட்டடம் கட்டும்போதே கழிப்பறைக் குழாயைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் இறக்க வேண்டும். பிறகு பிரிப்பது சுவரை உடைக்கும் வேலை. 150 பேர், தலைக்கு 80 லிட்டர் குளிக்கவும் துவைக்கவும் என்றால் தினம் 12,000 லிட்டர் வரும். சமையற்கட்டு நீர் முதலில் எண்ணெய் பிடிக்கும் தொட்டிக்குள் போக வேண்டும். அதைத் தாண்டி வண்டல் படியும் தொட்டி, பிறகு கல்வாழை மாதிரிச் செடி வைத்த சரளைப் படுகை, கடைசியில் தோட்டம்.

கெடுவது எங்கே என்றால், எண்ணெய்த் தொட்டியை வாரம் ஒரு முறை வாராமல் விட்டால் கஞ்சியும் எண்ணெயும் சேர்ந்து சரளையை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் படுகைக்கு மேலே தேங்கும், கொசு வரும், நாறும், உடனே எல்லோரும் அமைப்பைத் திட்டுவார்கள். இன்னொன்று விடுமுறை. மே, ஜூனில் விடுதி காலியானால் படுகைக்கு நீர் போகாது, செடி காயும். பருவம் திறந்த அன்று மொத்தச் சுமையும் காய்ந்த படுகையில் விழும். விடுமுறையிலும் கொஞ்சம் நீர் விட்டு உயிரோடு வைத்திருக்க வேண்டும். இதற்கென்று ஒரு பொறுப்பாளர் சம்பளப் பட்டியலில் இருந்தால்தான் நடக்கும்.

அடுத்தது சேர்க்கைத் தேர்வு. இளநிலைக் கணிதத் தாளில் இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதியில் விடை மட்டும். அதில் தேறியவர்களின் இரண்டாம் பகுதியைத்தான் திருத்துவார்கள். அதில் வழிமுறையும் நிரூபணமும் முழுதாக எழுத வேண்டும். சரியான எண்ணைக் கண்டுபிடித்து ஏன் என்று சொல்லாமல் விட்டால் பெரிதாக மதிப்பெண் கிடைக்காது. கோச்சிங் பழக்கத்தில் வருகிறவர்கள் இடறுவது இங்கேதான். நிரூபணத்தைக் கணினி திருத்தாது, கணிதம் தெரிந்த ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டும். முதல் பகுதியை வடிகட்டியாக வைத்திருப்பது அதனால்தான். திருத்தும் வேலையைக் குறைக்க எல்லாவற்றையும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக மாற்றலாம். மாற்றினால் வேறு மாதிரி மாணவர் வருவார், இரண்டு வருடத்தில் பாடத்தின் தரமும் அவரைப் பார்த்து இறங்கும்.

படிப்புகள் வளர்ந்த விதமும் நிதானம்தான். 2003ல் இயற்பியல் இளநிலை. 2012ல் அதைக் கணிதமும் இயற்பியலும் என்று மாற்றி அமைத்தார்கள். பெரிய சோதனைக்கூடம் இல்லாத இடத்துக்கு அதுவே பொருத்தம். 2010ல் கணிதப் பயன்பாடுகள் முதுநிலை, 2018ல் தரவு அறிவியல். பிரான்சின் எகோல் நார்மால் சுப்பீரியருடன் மாணவர் பரிமாற்றமும் உண்டு. சேஷாத்ரி 2010 வரை இயக்குநராக இருந்தார். 2020 ஜூலையில் காலமானார். நிறுவியவர் இருக்கும்போதே பொறுப்பு கைமாறியது நல்ல காரியம்.

ஐந்தாம் நாள்: ஸ்ரீசிட்டி

சென்ட்ரல் மூர் மார்க்கெட் பக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை மின்ரயில் அடிக்கடி உண்டு. அதைத் தாண்டி சூலூர்பேட்டை போகும் வண்டி குறைவு. நேரம் பார்த்து ஏறினால் தடாவில் இறங்கலாம். சாலையில் என்றால் கொல்கத்தா நெடுஞ்சாலை, 55 கிலோமீட்டர் போல, தடாவில் இடதுபக்கம் திரும்பல். ஆந்திர எல்லைக்குள் வந்துவிட்டோம், சட்டமும் மாறிவிட்டது.

இங்கே இருப்பது கிரியா பல்கலைக்கழகம். வேர் சென்னையில்: 1970ல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய நிதி மேலாண்மை மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், ஐஎஃப்எம்ஆர். கோத்தாரி குழுமமும் ஐசிஐசிஐயும் துணை நின்ற, லாப நோக்கற்ற அமைப்பு. ஆய்வும் மேலாண்மைப் படிப்பும் சேர்ந்து வளர்ந்தது. 2018ல் ஆந்திர தனியார் பல்கலைக்கழகச் சட்டம், 2016ன் கீழ் கிரியா உருவானது. நிறுவும் அமைப்பு ஐஎஃப்எம்ஆர்தான். மேலாண்மைப் பள்ளி அதன் உள்ளே வந்தது, கலை அறிவியல் பள்ளியின் முதல் அணி 2019ல் சேர்ந்தது.

இது 3ம் பிரிவின் வழி அல்ல. மாநிலச் சட்ட வழியில் நிறுவும் அமைப்பு விரிவான திட்ட அறிக்கையும் நிலமும் வைப்புநிதியும் காட்ட வேண்டும். மாநில அரசு ஆராய்ந்து, சட்டத்தின் அட்டவணையில் பெயரைச் சேர்க்கும். சீக்கிரம் முடியும். சீக்கிரம் முடிவதில்தான் ஆபத்தும். சத்தீஸ்கர் 2002ல் இப்படி ஒரு சட்டம் போட்டு நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களை அறிவித்தது; பலவற்றுக்கு வகுப்பறைகூட இல்லை. விஞ்ஞானி யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. 2003ன் மானியக்குழு விதிகள்படி இத்தகைய பல்கலைக்கழகம் பிற கல்லூரிகளை இணைத்துக்கொள்ளவும் முடியாது. தமிழ்நாட்டில் பொதுச் சட்டம் 2019ல்தான் வந்தது. அது கேட்ட நிலம் 100 ஏக்கர். 5 ஏக்கர் சிஎம்ஐ அந்த வாசலில் நின்றிருந்தால் உள்ளே போயிருக்க முடியாது. கணிதத்துக்கு 100 ஏக்கர் எதற்கு என்ற கேள்வி இன்றும் கேட்கப்பட வேண்டியது.

ஐஎஃப்எம்ஆரின் ஆய்வுக் கைகளில் பெரியது வறுமை ஒழிப்புத் திட்டங்களைக் களத்தில் சோதிக்கும் ஜே-பால் தெற்காசிய மையம். அதன் வேலை கிராமங்களிலும் அரசு அலுவலகங்களிலும் நடப்பது. ஆட்கள் எப்போதும் வெளியூரில். மாணவர் இருப்பது ஸ்ரீசிட்டி வளாகத்தில். சிஎம்ஐயில் ஆய்வாளரும் மாணவரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள். இங்கே அது தானாக நடக்காது. களப்பணிக்குப் போகும் குழுவில் இளநிலை மாணவருக்கு எத்தனை இடம், அந்தக் காலம் பாடமதிப்பாகக் கணக்கில் வருமா, களத்திலிருந்து திரும்பியவர் வகுப்பெடுக்க வருகிறாரா: சேர நினைக்கும் பிள்ளையும் பெற்றோரும் சேர்க்கை அலுவலகத்தில் நேராகக் கேட்க வேண்டிய மூன்று விஷயங்கள் இவை. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில் தடாவிலிருந்து சென்னைக்கு வண்டி கொஞ்சம்தான்; தவறவிட்டால் கும்மிடிப்பூண்டி வரை பஸ்ஸில் வந்து மின்ரயில் பிடிக்கலாம்.